கே.எல் (கோலாலம்பூர்) ஆத்துக்குப் பருவம்னு ஒன்னு இருக்கா இல்லையா?

திருவையாத்துப் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். தஞ்சாவூர் பக்கத்து ஆளு நான், வேலை விஷயமா இங்க வந்து செந்தூல்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன். டெய்லி எல்ஆர்டி ரயில் ஏறி மஸ்ஜிட் ஜாமெக் போறப்ப ஜன்னல் பக்கம் கோம்பாக் ஆறு கூடவே வரும். ரெண்டு பக்கமும் சிமெண்ட் சுவரு, நடுவுல பழுப்பா தண்ணி. எந்த மாசம் பாத்தாலும் இதே கதைதான்.

எங்க ஊர்ல காவேரிய பாத்தே என்ன மாசம்னு சொல்லிடலாங்க. சித்திரை வைகாசில வெறும் மணல், பசங்க ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவாங்க. ஜூன் 12 மேட்டூர் தொறக்கணும், தண்ணி இருக்குற வருஷம் தொறப்பாங்க, இல்லாத வருஷம் பேப்பர்ல சண்டைதான் ஓடும். தொறந்து கல்லணை தாண்டி மொத தண்ணி வர்ற அன்னிக்கு, நுரையும் சருகும் முன்னாடி தள்ளிக்கிட்டு வரும், ஊரே படித்துறைல நின்னு பாக்கும். ஆடி 18க்கு படியெல்லாம் முங்கிடும். ஐப்பசி கார்த்திகைல செவசெவன்னு ஓடும், பாக்கவே பயமா இருக்கும். தை பொறந்தா தெளிஞ்சு இளைச்சுப் போயிடும்.

இங்க என்னன்னா வருஷம் பூரா வெயிலு, வருஷம் பூரா மழை. ஆத்துக்குன்னு ஒரு கால கணக்கே இல்லையா? இங்க பொறந்து வளந்தவங்க சொல்லுங்க. கேக்குறதுக்கு ஒரு காரணம் இருக்கு, அம்மா ஜூலை கடைசில வர்றாங்க, ஆடிப்பெருக்கு இங்கதான். ஆத்துக்கு எங்க கூட்டிட்டுப் போறதுன்னு இப்பவே கேக்குறாங்க.

லோரி சேகர்:
தம்பி அது ஆறா லா? பெரிய லோங்காங், சாக்கடை. அதுக்குப் போயி பருவம் கேக்குறீங்க 😂

செந்தூல் மணியம்:
சேகரு, காலையிலயே ஆரம்பிச்சிட்டியா.

திருவையாத்துத் தம்பி, நான் செந்தூல்லயே பொறந்தவன், அப்பா ரயில்வேல வேல செஞ்சாரு. உங்க ஊர்ல மாசத்த வச்சி ஆத்த பாப்பீங்க, சரி. இங்க நேரத்த வச்சி பாக்கணும். மழ எத்தன மணிக்கு வருது, அதான் இங்க பருவம்.

சித்திர மாசம் சுத்தி, அதாவது மார்ச் கடைசி ஏப்ரல் மே, அப்புறம் அக்டோபர் நவம்பர், இந்த ரெண்டு வாட்டியும் காத்து தெச மாறுற நேரம். காலைல நல்லா காயும், பன்னெண்டு மணிக்கெல்லாம் புழுக்கம் தாங்காது, மூனு நாலு மணிக்கு தித்திவங்சா மலைப் பக்கம் கறுக்கும், இடி ஒன்னு வுழும் பாருங்க, கடைக்காரன் எல்லாம் சட்டர இழுத்துருவான். மேல பேஞ்ச தண்ணி ஒரு மணி நேரத்துல ஊருக்குள்ள வந்துரும். அப்ப பண்டாராயா ஸ்டேஷன்ல நின்னு பாருங்க, மத்தியானம் ஓரமா ஒதுங்கிக் கெடந்த ஆறு செவுருக்குச் செவுரு தொட்டுகிட்டு தே தாரிக் (பால் டீ) கலர்ல உறுமிகிட்டுப் போவும். ராத்திரி எட்டு மணிக்குப் போனா பழையபடி படுத்துக் கெடக்கும். காவேரி ஆறு மாசத்துல பண்றத இது ஒரே சாயங்காலத்துல பண்ணி முடிச்சிரும்.

ஜூன்லேர்ந்து செப்டம்பர் வர மழ கொறவு. ஆனா சில நாளு விடியக்காலைல நாலு மணி அஞ்சு மணிக்கு சுமத்ரா பக்கத்துலேர்ந்து காத்தும் மழயும் ஒன்னா வரும், தகரக் கூரயெல்லாம் பிச்சிகிட்டுப் போற மாதிரி. வேலைக்குப் போறவங்க நனஞ்சிகிட்டே போவாங்க, பத்து மணிக்கு வெயிலு. அந்த சீசன்ல ஆறு காலைல பெருகும், சாயங்காலம் காயும். தலகீழ்.

நீங்க டெய்லி ஒரே நேரத்துக்கு ரயில் ஏறுறீங்க போல. அதான் ஒரே மாதிரி தெரியுது.

திருவையாத்துப் பையன்:
ஆமாண்ணே, காலைல எட்டேகால் ரயில்தான். சாயங்காலம் லேட்டாதான் வருவேன், இருட்டிடும். ஒரு நாள் சீக்கிரம் கெளம்பிப் பாக்குறேன். நிஜமாவே ஒரு மணி நேரத்துல ஏறிடுமா??

செந்தூல் மணியம்:
செவுர பாருங்க தம்பி. கறுப்பா பாசி புடிச்ச கோடு அடியில இருக்கும், அது டெய்லி தண்ணி. அதுக்கு மேல வெளிர்ப்பா சேறு காஞ்ச கோடு, அது போன வாரத்து மழ. இன்னும் மேல, ஏணிக் கம்பியில பிளாஸ்டிக் பை, துணி, வாழ மட்டையெல்லாம் சுத்திகிட்டு தொங்கும், அது எந்த மழைல வந்ததுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. ஜூலைல அந்தத் துணியெல்லாம் காஞ்சி வெளுத்து கொடி கட்டுன மாதிரி ஆடும், நவம்பர்ல திரும்ப நனஞ்சிரும்.

டீச்சர் வள்ளி:
மணியம் அண்ணன் தண்ணிய சொல்லிட்டாரு, நான் கரைய சொல்றேன். எங்க தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்கள தித்திவங்சா ஏரிப் பக்கம் கூட்டிட்டுப் போவோம், கோம்பாக் ஆறு அங்க பக்கத்துலயே ஓடுது.

பிப்ரவரி மார்ச்ல கொஞ்ச நாளு விடாம காய்ஞ்சி, அப்புறம் ஒரு மழ வந்துச்சின்னா தெகோமா மரமெல்லாம் இலையே இல்லாம பூத்துத் தள்ளும். ரோஸ் கலர், வெள்ளை. ஒரே வாரம்தான், ரோட்டுல எல்லாரும் காடிய (கார) நிறுத்திட்டு போட்டோ எடுப்பாங்க. அந்தப் பூ உதிர்ந்து ஆத்துல போறத பாத்தா அன்னிக்கு மட்டும் சேகர் அண்ணே லோங்காங்னு சொல்ல மாட்டாரு.

பறவையும் கணக்கு வச்சிருக்கு. செப்டம்பர் அக்டோபர்ல வடக்கேர்ந்து வர ஆரம்பிக்கும். நீலவால் பஞ்சுருட்டான் கம்பி மேல வரிசையா உக்காந்து தும்பி புடிக்கும். வாலாட்டிக் குருவி அதுக்கும் முன்னாடியே ஆகஸ்ட்லயே வந்துரும், சிமெண்ட் கரை ஓரத்துல வால ஆட்டிகிட்டே நடக்கும். கொக்குக் கூட்டமும் வருஷக் கடைசில ஜாஸ்தி. ஏப்ரல் வந்தா எல்லாம் ஊருக்குக் கெளம்பிடும், உடும்பும் காக்காவும்தான் மிச்சம். பிள்ளைங்க இத நோட்டுல எழுதி வைக்குதுங்க. ஒரு பையன் எழுதியிருந்தான், "குருவி விசா முடிஞ்சி போயிருச்சி டீச்சர்" :)

லோரி சேகர்:
டீச்சர் நீங்க நல்லா சொல்றீங்க ஆனா நாத்தத்த சொல்லலயே. அதுவும் சீசன் தான. ஜூலை ஆகஸ்ட்ல தண்ணி கொறஞ்சதும் மார்க்கெட் கழிவு, சாக்கடைத் தண்ணி, ஒட்டுக்கடை எண்ணெ எல்லாம் அப்புடியே தேங்கி நிக்கும், மூக்க புடிச்சிகிட்டுதான் பாலத்த தாண்டணும். அதுக்கு மேல பக்கத்து நாட்டுல காட்ட கொளுத்துன பொகை வந்து மூடிரும், 2015லயும் 2019லயும் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற கட்டடமே தெரியல, பள்ளிக்கூடம் எல்லாம் அடச்சாங்க. பருவம் கேட்ட தம்பி இதயும் எழுதிக்கோ. நல்ல மழ ஒன்னு வந்தாதான் ஆறும் குளிக்கும் ஊரும் குளிக்கும்.

மஸ்ஜிட் ஜாமெக்கிட்ட ஆத்துல போட்ட அந்த நீல லைட்டு, பொகை விடுற மெசின், அதுக்கு எவ்ளோ கோடி. தண்ணிய சுத்தம் பண்ணுங்கடான்னா தண்ணிக்கு லைட்டு போடுறானுங்க.

கோம்பாக் கண்ணன்:
லைட்டு மட்டும் இல்ல அண்ணே. நகரத்துக்குள்ள அழகுபடுத்துற வேல 10.7 கிலோமீட்டர்தான், சுத்தப்படுத்துற திட்டம் மேல உள்ள கிளை ஆறுங்களயும் சேத்து 110 கிலோமீட்டர். குப்பய புடிக்க தண்ணிக்குக் குறுக்க மெதவை போட்டுருக்காங்க, மார்க்கெட் கழிவுக்கு சுத்திகரிப்பு வச்சிருக்காங்க. மஸ்ஜிட் ஜாமெக்ல மண்ணுக்குள்ள பொதஞ்சி போன பழைய படிக்கட்டயும் தோண்டி எடுத்தாங்க, 1909ல கட்டுன பள்ளிவாசல் அது, அப்பல்லாம் ஆத்துல எறங்கி கை கால் கழுவிட்டு தொழப் போவாங்களாம். இப்ப கழுவ முடியுமான்னு கேட்டா முடியாது, அதுல உங்க கூட சண்ட போட மாட்டேன். ஆனா முன்ன இருந்ததுக்கு இப்ப மீனாவது இருக்கு.

தூண்டில் ராஜா:
மீனு இருக்கு ஆனா என்ன மீனு? ஊருக்குள்ள திலாப்பியா, கெலி, அப்புறம் கண்ணாடித் தொட்டில வளத்து போரடிச்சி ஆத்துல வுட்ட பண்டாராயா மீனு. கல்லு மாதிரி தோலு, எந்த சாக்கடைலயும் வாழும். அது நெறஞ்சி இருக்குன்னா ஆறு நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல பாஸ்.

நெசமான ஆறு பாக்கணும்னா உலு கோம்பாக் போங்க, பெந்தோங் போற பழைய ரோட்ல. அங்க கல்லு தெரியும் தண்ணி, தெங்காஸ் மீனு ஓடுறது மேலேர்ந்தே தெரியும். பருவமும் அங்க நல்லா தெரியும். பிப்ரவரி மார்ச்ல ரப்பர் மரமெல்லாம் இலை உதுக்கும், செம்பு கலர்ல தண்ணி மேல மொதந்து வந்து கல்லு இடுக்குல அடையும், தூண்டி போட்டா முள்ளுல இலைதான் மாட்டும். தோட்டத்துல இருந்தவங்களுக்குத் தெரியும், அந்த மாசம் ரப்பர் பால் கொறவு, கையில காசும் கொறவு. அப்புறம் ஜூன் ஜூலை டுரியான். ரோட்டோரம் பூரா கம்பத்து (கிராமத்து) ஆளுங்க கூட போட்டு விப்பாங்க, தின்னுட்டு கொட்டைய ஆத்துல வீசாதீங்கன்னு சொன்னா கேக்க மாட்டானுங்க. ஆகஸ்ட் செப்டம்பர்ல ரப்பர் காய் வெடிக்கிற சத்தம், டப் டப்னு. வருஷக் கடைசில நான் அங்க போவவே மாட்டேன், தண்ணி நெறம் சரியா இருக்காது.

பத்துமலை அக்கா:
ஆத்துக்குப் பருவம் இல்லன்னு எப்படி தம்பி சொல்றீங்க, தைப்பூசம் வந்து பாத்ததில்லயா? பத்துமலைப் பக்கம் ஓடுற சுங்கை பத்து, அதாவது பத்து ஆறுதான் எங்களுக்கு காவேரி. அதுவும் போயி கோம்பாக்ல சேருற தண்ணிதான்.

வருஷத்துல மத்த நாளெல்லாம் அந்தக் கரைல ஒரு ஈ காக்கா இருக்காது. தைப்பூசத்துக்கு மொத நா ராத்திரியிலேர்ந்து பாக்கணும். மஞ்ச துணி, பால் கொடம், சாம்பிராணிப் பொகை, உறுமி சத்தம், ஈரத் துணியோட கண்ண மூடி நிக்கிறவங்க, அலகு குத்துறவரு கன்னத்துல திருநீறு தடவுறது. தை மாசத்துல இங்க மழ கொஞ்சம் விட்டிருக்கும், நவம்பர் டிசம்பர்ல ஓடுன வேகம் இருக்காது, தண்ணி கொறவாதான் இருக்கும். அதனால கரைலயே வரிசையா பைப்பு போட்டு வச்சிருக்காங்க, முக்காவாசிப் பேரு அதுலதான் குளிப்பாங்க. மேல பத்து அணைக்கட்டு வேற தண்ணிய புடிச்சி வச்சிக்குது. எங்க பாட்டி காலத்துல ஆத்துல முங்கி எந்திரிப்பாங்களாம். நான் இன்னமும் கால மட்டுமாவது ஆத்துல நனச்சிட்டுதான் பைப்புக்குப் போவேன், மனசு கேக்காது.

பிரிக்பீல்ட்ஸ் தாத்தா:
பேரன் டைப் பண்ணி குடுக்குறான், தப்பு இருந்தா அவன கேளுங்க.

நீங்கல்லாம் பேசுறது தெனசரி பருவம். இன்னொன்னு இருக்கு, பல வருசத்துக்கு ஒருக்கா வர்றது. 1971 சனவரி. விடாம மழ. கிள்ளான் ஆறும் கோம்பாக்கும் சேர்ற எடத்துலேர்ந்து நகரமே முங்கிப் போச்சி. நாங்க தட்டுமுட்டு சாமான எல்லாம் மேசை மேல ஏத்திட்டு, மேசையும் மொதக்க ஆரம்பிச்சதும் ஸ்டேசன் மேட்டுக்கு ஓடினோம். படகுலதான் சாப்பாடு வந்துச்சி. அந்த வெள்ளத்துக்கு அப்புறம்தான் அரசாங்கம் முழிச்சிகிட்டு ஆத்த ஆழமாக்கினது, அகலமாக்கினது, செவுரு கட்டினது, 1987ல பத்து அணை, எல்லாம். கிள்ளான் கேட்ஸ் அணை அதுக்கு முன்னாடியே 1958ல வந்தாச்சி. ரயில்லேர்ந்து பாத்துட்டு சிமெண்ட் சிமெண்ட்ங்கிறீங்களே தம்பி, அந்த சிமெண்ட் இல்லாத ஆத்த நான் பாத்திருக்கேன். அழகாத்தான் இருந்துச்சி. வீட்டுக்குள்ள வந்தப்ப அழகா இல்ல.

அதே மாதிரி தண்ணியே இல்லாத வருசமும் இருக்கு. 98ல அணையில மட்டம் எறங்கி பைப்புத் தண்ணிய முறை வச்சி விட்டாங்க, வாளி வாளியா புடிச்சி வச்சோம். 2014லயும் அதே கத.

கோம்பாக் கண்ணன்:
தாத்தா சொன்னதோட ஒன்னு சேத்துக்கறேன். 2007லேர்ந்து ஸ்மார்ட் டனல் இருக்கு. அம்பாங் ஆறு வந்து சேர்ற எடத்துகிட்ட கிள்ளான் ஆத்துத் தண்ணிய வாங்கி, 9.7 கிலோமீட்டர் நிலத்துக்கு அடியிலயே கொண்டுபோயி தாமான் டேசா குளத்துல வுட்டு, அங்கேர்ந்து கெராயோங் ஆத்துக்கு அனுப்பிருவாங்க. சாதா நாள்ல அதே டனல் நடுவுல ரெண்டு மாடியா காடி ஓடுது. ரோட்ட மூடிட்டாங்கன்னு ரேடியோவுல சொன்னா மலைல மழ பலமா அடிக்குதுன்னு புரிஞ்சிக்கலாம்.

ஆனா அது வாங்குறது கிள்ளான் பக்கத்துத் தண்ணி. கோம்பாக்குக்கு அது இல்ல, பத்து, ஜிஞ்சாங் குளத்துக்குக் கொஞ்சம் திருப்பி வுடுறாங்க, அவ்ளோதான். அதனால தம்பி ரயில்லேர்ந்து பாக்குற ஆறு இன்னமும் கொஞ்சம் சொந்த புத்தியோடதான் இருக்கு.

வடகிழக்கு பருவமழைல கிழக்குக் கரைல கிளந்தான் திரங்கானு பக்கம் முங்கும், நமக்கு தித்திவங்சா மல குறுக்க நிக்கிறதால தப்பிச்சிருவோம்னு நெனச்சிகிட்டு இருந்தோம். 2021 டிசம்பர்ல ஒரு தாழ்வு மண்டலம் அந்தப் பக்கத்துலேர்ந்து நாட்ட குறுக்க கடந்து இந்தப் பக்கம் வந்துச்சி. சாயங்கால மழ இல்ல, ராத்திரி பகலா நிக்காத மழ. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா எல்லாம் கூர வர போச்சி. அங்க எத்தன தமிழ்க் குடும்பம் இருக்குன்னு தெரியும்ல. நம்ம தல மேல பேஞ்சதும் அதே கிள்ளான் ஆத்துலதான் அவங்க பக்கம் போவுது.

ஜெலுத்தோங் புள்ள:
பினாங்குலேர்ந்து ஒரு வார்த்த. எங்க சுங்கை பினாங்குக்கு மழயோட சேத்து கடலும் பாக்கணும். கடல் ஏத்தமா இருக்குற நேரம் பாத்து மழ கொட்டுச்சின்னா ஆத்துத் தண்ணி கடலுக்குள்ள போவ முடியாம ஊருக்குள்ள திரும்பிரும். 2017 நவம்பர் 4, 5ல புயல்காத்தும் சேந்து அப்புடித்தான் ஆச்சி. அதனால எங்க அப்பா நாட்காட்டியில அமாவாச பவுர்ணமி பாத்துட்டுதான் செப்டம்பர் அக்டோபர்ல காடிய எங்க நிறுத்துறதுன்னு முடிவு பண்ணுவாரு. சரி நீங்க கே.எல் கதைய பேசுங்க.

திருவையாத்துப் பையன்:
இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, நன்றி. மணியம் அண்ணே சொன்னாருன்னு நேத்து லீவு சொல்லிட்டு மூனு மணிக்கே கெளம்பிட்டேன். பண்டாராயா ஸ்டேஷன் பிளாட்பாரத்துல நின்னேன். மழை ஸ்டேஷன்ல ஆரம்பிக்கவே இல்ல, வெறும் இடிதான், ஆனா தண்ணி மொதல்ல நெறம் மாறுச்சு. ஒரு ஓரமா காப்பிப்பொடி கரைச்ச கோடு ஒன்னு வந்துச்சு, அது அப்படியே அகலமாகி முழுசும் ஆயிடுச்சு. அப்புறம் குச்சி, ஸ்டைரோபோம் பொட்டி, ஒரு செருப்பு, ஒரு முழு வாழை மரம். அந்தக் கறுப்புப் பாசிக் கோடு கண்ணு முன்னாடியே காணாம போச்சு. கரையில உக்காந்திருந்த ஒரு கொக்கு மட்டும் ஒவ்வொரு படியா மேல ஏறிக்கிட்டே இருந்துச்சு, பறக்கவே இல்ல. நான் பாட்டுக்கு நாலஞ்சு ரயில விட்டுட்டு நின்னேன், செக்யூரிட்டி வந்து என்ன பிரச்சனைன்னு கேட்டாரு.

சரி ஆடிப்பெருக்கு விஷயம். ஆகஸ்ட் 3 வருது. அம்மாவுக்கு மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, முளைப்பாரி எல்லாம் ஆத்துல விடணும். ராஜா அண்ணே சொன்ன உலு கோம்பாக் போகலாமா?

பத்துமலை அக்கா:
ஆடில இங்க பெருக்கு கெடையாது தம்பி, ஆறு மெலிஞ்சி கெடக்குற மாசம். அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, பாத்துட்டு மனசு ஒடைஞ்சிரப் போறாங்க. எங்க பக்கம் நெறைய பேரு கோயில்லயே கொடத்துல தண்ணி வச்சி மஞ்ச குங்குமம் இட்டு கும்புடுறோம், சித்ரான்னம் செஞ்சி எல்லாருக்கும் குடுப்போம். ஆத்துக்குத்தான் போவணும்னா போங்க, தப்பில்ல.

தூண்டில் ராஜா:
உலு கோம்பாக் போலாம், ஆனா இத நல்லா படிங்க. மெலிஞ்சி கெடக்குற ஆறுன்னு நெனச்சி ஏமாந்துராதீங்க. கெப்பாலா ஆயேர்னு இங்க சொல்லுவோம். நீங்க நிக்கிற எடத்துல பளிச்சுனு வெயில் அடிக்கும், மேல மலைக்குள்ள எங்கயோ மழ பேஞ்சிருக்கும், அந்தத் தண்ணி செவுரா எழும்பி ஒரே மூச்சுல வரும். வருசா வருசம் பிக்னிக் போன குடும்பம் அதுல அடிச்சிகிட்டுப் போறது பேப்பர்ல வருது. அறிகுறி இருக்கு: தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்கும், சருகும் குச்சியும் ஜாஸ்தியா வரும், சத்தம் மாறும், மேல லோரி வர்ற மாதிரி ஒரு உறுமல். இதுல ஒன்னு கண்டாலும் தட்டு, கொடம், செருப்பு எல்லாத்தயும் போட்டுட்டு மேட்டுக்கு ஏறிருங்க, சாமி கோவிச்சிக்காது. கெளம்புறதுக்கு முன்னாடி ஜேபிஎஸ் (வடிகால் நீர்ப்பாசன இலாகா) வெப்சைட்ல கோம்பாக் ஸ்டேசன் தண்ணி மட்டம் பாருங்க, நார்மல், வஸ்பாடா (உஷார்), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து)ன்னு போட்டுருக்கும். நார்மல் இல்லன்னா கோயிலோட நிறுத்திக்குங்க.

டீச்சர் வள்ளி:
காலைல ஏழு மணிக்குப் போயிட்டு பத்து பத்தரைக்குள்ள ஏறிடுங்க. ராத்திரி சுமத்ரா மழ அடிச்சிருந்தா அன்னிக்கு வேணாம். முளைப்பாரிய மண்ணுச் சட்டியில வைங்க, பிளாஸ்டிக் தட்டோட விட்டுட்டு வராதீங்க, கீழ எங்க பிள்ளைங்கதான் பொறுக்குதுங்க.

திருவையாத்துப் பையன்:
ரொம்ப நன்றி டீச்சர், அண்ணே, அக்கா. அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "பெருக்கே இல்லாத ஊர்ல ஆடி 18ஆ"ன்னு சிரிச்சாங்க, அப்புறம் அவங்களே, "நம்ம ஊர்லயும் தண்ணி வராத வருஷம் பைப்புத் தண்ணிலதானடா கும்புட்டோம்"னாங்க. மண் சட்டி எங்க கெடைக்கும்?

லோரி சேகர்:
பிரிக்பீல்ட்ஸ்ல பூக்கடைக்குப் பக்கத்துல இருக்குற சாமான் கடைல கேளு தம்பி. உலு கோம்பாக்குக்கு ரயில் கெடையாது, பஸ்ஸ நம்பாத. அன்னிக்கு எனக்கு லோட் இல்ல, காடில நானே ஏத்திகிட்டுப் போறேன். சித்ரான்னத்துல புளி சாதம் கண்டிப்பா இருக்கணும்.